வத்தேகம வீதியில் பிடிபட்ட தேசப்படம்

செவ்வாய்க்கிழமை வத்தேகம சந்தையில் மரக்கறிக் கடையொன்றில் லீக்ஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது புவனா மிஸ்ஸின் தங்கை தொலைபேசியில் அழைத்தார். "அக்கா போயிட்டா" என்றார். லீக்ஸை அப்படியே விட்டுவிட்டுக் கண்டி பஸ் ஏறினேன்.

எங்கள் டியூட்டரியில், அந்தத் தனியார் வகுப்பில் படித்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து புவியியல் படிப்பித்தார். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த நான் தமிழ் படிப்பித்தேன். கலவரம், போர் என்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த காலத்தில், டியூட்டரி ஆசிரியர்கள் எங்கள் மூன்று பேரை நாள்கணக்கில் மலை நடக்கக் கிளப்பிய மனுஷி அவர்.

புறப்படுவதற்கு முந்திய வாரம் மேசையில் தேசப்படத்தை விரிப்பார். பாதை வளைகிற இடமெல்லாம் நூலை வளைத்து வைத்து, பிறகு அதை நீட்டி அளந்து தூரம் சொல்வார். பக்கத்தில் ஒரு பழைய வழிகாட்டிப் புத்தகம். "இதை எழுதின வெள்ளைக்காரன் குதிரையில போனவன். அவன் ஒரு மணித்தியாலம் எண்டால் நாங்கள் மூண்டு எண்டு வைக்க வேணும்" என்பார். ஓடை, பாலம், தோட்டத்து லயன் வீடுகள் என்று வழி முழுவதையும் எங்களை ஒப்புவிக்கச் செய்துவிட்டுப் படத்தை வைத்துவிடுவார். தமிழர் பையில் தேசப்படம் அகப்பட்டால் புலி என்று பிடித்துக்கொண்டு போவார்கள் என்பது அன்று எல்லோருக்கும் தெரியும். "படம் அலுமாரிக்குள்ள, பாதை தலைக்குள்ள" என்பது அவர் சட்டம்.

என் மண்டையில் எந்த வழியும் நிற்காது. நக்கிள்ஸ் மலைக்குக் கிளம்பிய அன்று, பயத்தில் படத்தை எடுத்துச் சாப்பாட்டுப் பையின் அடியில் ஒளித்து வைத்தேன். வத்தேகம வீதிச் சோதனைச் சாவடியில் சிப்பாய் அதை வெளியே இழுத்தார். யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார். குடியுரிமை கிடைக்காத தோட்டத்து ஆளான எனக்கு அடையாள அட்டைகூட இல்லை.

"மகே" என்றார் புவனா மிஸ். என்னுடையது.

அவரை மூன்று நாள் பொலிஸில் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். பொலிஸ் வாசலில் அவர் கையைப் பிடித்து அழுதேன். "ஏன் மிஸ் பொய் சொன்னீங்க?"

"என்னட்டை அட்டை இருக்கு, விட்டிட்டினம். உம்மை விட்டிருப்பினமோ? அழாதேயும். சாப்பிட ஏதும் கொண்டு வந்தனீரோ?"

தன் சட்டத்தைத் தானே மீறிய மிஸ் என்று வருடக்கணக்கில் அவரைக் கேலி செய்தீர்கள். செத்தவீட்டிலும் ஒருவர் சொல்லிச் சிரித்தார். மிஸ் ஒருநாளும் அதை மறுத்ததில்லை. நானும் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

படத்தை வைத்தது நான். அவருடைய புத்தகங்களைத் தங்கை வைத்துக்கொள்ளட்டும். அந்தக் கெட்ட பெயரை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.