எரிந்தால்தான் ஆடுவான் மடுகரைக் காமன்

என் வீட்டுக்காரர் பெயரை நான் சொல்லக் கூடாது. மடுகரையில் யாரைக் கேட்டாலும் இருசப்பன் என்பார்கள். கரும்பாலையில் மாடு ஓட்டுகிறவர். மாசி பிறந்துவிட்டால் போதும், காமன் பண்டிகைக்கு எரிக்க மன்மதன் உருவம் கட்ட உட்கார்ந்துவிடுவார். கூரை பிரிந்து கிடந்தால் என்ன, பெண்டாட்டி கத்தினால் என்ன!

அந்த வருஷம் கட்டினார் பாருங்கள் ஒரு காமன், அடேயப்பா! மூங்கில் எலும்பு, வைக்கோல் சதை, கையில் கரும்பு வில்லும் பூ அம்பும். கண்ணுக்குப் பிரெஞ்சுத் துரை வீட்டுப் பச்சை பாட்டில் துண்டு. வயிற்றுக்குள் கல்லும் கயிறும் கம்பியுமாக என்னென்னவோ திணித்தார்.

"இன்னாத்துக்கு இதெல்லாம்?" என்றேன்.

"நெருப்பு ஏற ஏற ஒவ்வொரு கயிறா அறுந்து கல்லு வுழும். கல்லு கம்பிய இழுக்கும். இவன் ஆடுவான். நீயே பாப்ப."

பௌர்ணமியன்று பொழுது சாயும்போது ஊரே கூடிவிட்டது. பண்டிகை நடத்துகிற சுப்பராயலு அய்யா பந்தத்தோடு வந்தவர், காமனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இம்மாம் அழக எரிக்க மனசு வரலப்பா. ஒரு வைக்கோல் பிரிய எரிச்சிடலாம். இத எடுத்து வெச்சி, சூலை மாசம் பிரெஞ்சுக்காரங்க பண்டிகையில தொரைங்களுக்குக் காட்டுவோம்."

"அதான் சரி!" என்று ஊரும் கூவியது.

"அய்யா, எரிஞ்சாதான் ஆடும்யா!" என்றார் இவர். யார் காதில் விழுந்தது? ஆளாளுக்கு முதுகில் தட்டிப் பாராட்டினார்கள். மனுஷன் முகம் செத்துப்போயிற்று. மாசம் பூராவும் அவரைத் திட்டித் தீர்த்தவள் நான்தான். ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று போய்ப் பந்தத்தைப் பிடுங்கினேன்.

"இன்னாம்மா இது! பொம்பள கொளுத்துவாளா?" என்று அதட்டினார் சுப்பராயலு.

"தெனம் அடுப்பு மூட்டறது யாரு, நீங்களா?" என்று கேட்டுக்கொண்டே காமன் காலில் தீயை வைத்தேன்.

தீ வயிற்றுக்கு ஏறியது. முதல் கயிறு அறுந்தது. காமன் தலையைத் திருப்பினான். பச்சைக் கண் இரண்டும் ஜொலித்தன. மூங்கில் கணுக்கள் படபடவென்று வெடிக்க, கை மெல்ல வில்லை இழுத்தது. பூ அம்பு விர்ரென்று பறந்து சுப்பராயலு தலைப்பாகையைத் தட்டிவிட்டது! எரிக்காதே என்றவரே, "ஆடறாண்டா! ஆடறாண்டா!" என்று துள்ளிக் குதித்தார்.

காமன் சாம்பலாகி விழுந்தான். ஊரே இவரைத் தோளில் தூக்க ஓடி வருகிறது. இவரோ எல்லாரையும் விலக்கிக்கொண்டு, கரி பூசிய முகத்தோடு நேரே என்னிடம் வந்தார்.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்யா" என்றேன்.