ஏகாம்பரத்தின் குத்தூசி

சதுரங்கப்பட்டினத்து பஸ் கண்டக்டர்தான் சேதி கொண்டுவந்தார். "உங்க ஏகாம்பரம், தங்கச்சி வூட்டுக்கு வந்தவரு, காலையில பூட்டாருங்க." செங்கற்பட்டில் எங்கள் அச்சகத்தில் மிஷின் நின்றது. அவருடைய நாக்குக்குப் பயந்து கிடந்த நாங்கள் எல்லோரும் அழுதோம்.

என்ன நாக்கு அது! பிழை திருத்தப் புரூப்பும் கையுமாக உட்கார்ந்தால் முதலாளியையும் விடமாட்டார். எழுத்துகளை அதிக இடைவெளி விட்டு அச்சுக் கோத்தவனிடம், "ஏன்யா, எழுத்துங்க சண்டை போட்டுகினு தள்ளித் தள்ளி நிக்குதா?" என்பார். அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர், இங்கே கூடியிருக்கும் உங்களில் யாராவது உண்டா?

ஒருநாள் பொறுக்காமல், "எப்பப் பாரு குத்தல் பேச்சுதானா, அண்ணாத்தே?" என்றேன். தவறான ஈய எழுத்தை நெம்பி எடுக்கும் குத்தூசியை என் மேசையிலிருந்து எடுத்துக் காட்டினார். "குத்தல்னா இன்னா? இது செய்யற வேலைதான். தப்பு எழுத்தைக் குத்தி எடுக்கணும். பக்கத்துல கீற நல்ல எழுத்துல படக்கூடாது." குத்தல் என்ற சொல்லுக்குப் பண்டிதர்கள் என்ன மூலம் சொல்வார்களோ, எனக்கு இதுதான் அகராதி.

அவசர வேலையென்றால், முன்பு கோத்த எழுத்துச் சட்டமான பாரத்தைக் கலைக்காமல் வேண்டிய வரிகளை மட்டும் மாற்றி அச்சடிப்போம். அவர் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள், கருமாதிப் பத்திரிகையின் பாரத்திலேயே ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கோத்தேன். புரூப்புக்குக் காத்திராமல் அச்சேற்றியும் விட்டேன். திமிர்தான், வேறென்ன.

அவர் திரும்பிய அன்று செய்யூர் விவசாயி ஒருவர் அந்தப் பத்திரிகைக் கட்டோடு வந்து நின்றார். "இன்னாய்யா இது? கண்ணாலத்துக்கு அடிக்கச் சொன்னா கருமாதி ஓலை அடிச்சிக்கீறீங்க!" மணமக்கள் பெயருக்குக் கீழே 'அன்னாரின் ஆன்மா சாந்தியடைய' என்ற வரி அப்படியே இருந்தது.

"எவன் பார்த்தது?" என்று முதலாளி கத்தினார். வேலை போனால் கைக்குழந்தையோடு எங்கே போவேன்? ஏகாம்பரம் எழுந்தார். "நான்தான் பாத்தேன், மொதலாளி. ஊருக்குப் போற அவசரத்துல கண்ணு தப்பிடுச்சி." அத்தனை பேர் முன்னால் முதலாளி வாய்க்கு வந்தபடி ஏசினார். யாருக்கும் பதில் பாக்கி வைக்காத மனிதர் தலைகுனிந்து நின்றார்.

சாயங்காலத்துக்குள் ஏகாம்பரமும் நானுமாகப் புதிதாக அடித்துக் கொடுத்தோம். இன்று வாங்கப்போகும் குத்தல் ஆயுசுக்கும் போதும் என்று காத்திருந்தேன். கால்புள்ளிக்கெல்லாம் என்னைக் கிழித்தவர், அந்தத் தவற்றை மட்டும் கடைசிவரை சொல்லிக்காட்டவே இல்லை.

நேற்று அவருடைய கருமாதிப் பத்திரிகையை நான் கோத்தேன். பழைய பாரத்தைத் தொடவில்லை. ஒவ்வோர் எழுத்தாகப் புதிதாக எடுத்தேன். நாலு முறை படித்தேன். அவர் எனக்கு விட்டுப்போன சொத்து இந்தப் பயம்தான். படித்து முடித்ததும், பழக்க தோஷத்தில், அவர் நாற்காலிப் பக்கம் புரூப்பை நீட்டிவிட்டேன்.