பிரேக்கைத் தொட்டது யார்

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் ஜாஸ்தி. கடையில் டீ வாங்கினால்கூட கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன். கள்ளக்குறிச்சியில் கார் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவனுக்கு இந்தக் குணம் இல்லையென்றால் பிழைப்பு ஓடாது. ‘எங்கயும் இடிக்கலண்ணே’ என்று சொல்லிக்கொண்டு வருகிற வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள், எங்கே இடித்தது என்று அதுவே சொல்லும்.

என் தங்கை புருஷன் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு வேன் ஓட்டுகிறவர். கல்வராயன் மலை வளைவுகளில் அவர் வண்டியைத் திருப்பினால் பின்சீட்டில் தூங்குகிறவன் தலை அசையாது. அந்தக் கையை நம்பித்தான் ஒரு பழைய காரை வாங்கி, நான் சரிபண்ண, அவர் ஓட்ட, சென்னைக்குச் சற்று முன்னால் இருக்கிற ரேஸ் தடத்துக்குப் போய்வர ஆரம்பித்தோம். இடமும் வலமுமாக நிஜ ரோடு மாதிரியே வளைந்து போகிற தார்த் தடம் அது. ஓடுவதெல்லாம் ஒரே மாடல் கார்கள். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும், இன்ஜினுக்கு சீல் வைத்துவிடுவார்கள். எல்லாருக்கும் ஒரே வண்டி, ஓட்டுகிற ஆளில்தான் வித்தியாசம் என்பார்கள். நான் அதை ஒருநாளும் நம்பியதில்லை.

அன்றைக்கு அந்த வருஷத்தின் கடைசிப் போட்டி. முதல் மூன்று பேருக்குள் வந்தால் அடுத்த வருஷம் தங்கள் வண்டியைக் கொடுத்து ஓட்டச் சொல்வதாகக் கோயம்புத்தூர் டீம் ஒன்று மாப்பிள்ளையிடம் வாக்குக் கொடுத்திருந்தது. வராவிட்டால் ரேஸுக்கு அத்தோடு முழுக்கு. எங்கள் வண்டி இன்னொரு வருஷம் தாங்காது. மாப்பிள்ளைக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது.

காலையில் பரிசோதனைக்கு வந்தவர்கள் வண்டிக்குள் உருளுகிற பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று சொல்லி, டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரையே எடுக்க வைத்தார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கவும் விடவில்லை. எங்கள் ஊரில் சைக்கிள் வாங்கினாலே அதைச் செய்யாமல் மிதிக்க மாட்டோம். தங்கைக்கு முகம் வாடிவிட்டது. நான்தான் அதட்டி அடக்கினேன்.

அதற்கப்புறம் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் இருந்தேன். பக்கத்து ஷெட்டின் மஞ்சள் தொப்பி மெக்கானிக் ஸ்பேனர் கேட்டு வந்தான். கொடுத்தேன். திருப்பிக் கொடுக்க வந்தவன் எங்கள் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து ஷூ லேஸ் கட்டினான். அவனுக்கு அங்கேதானா லேஸ் அவிழ வேண்டும்? அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி கிளம்புமுன் தங்கை ஜன்னல் வழியாக உள்ளே குனிந்து புருஷன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு வந்தாள்.

மாப்பிள்ளை ஓட்டினார் பாருங்கள்! ஆறாவதாகக் கிளம்பியவர் மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டார். தொண்டை கிழியக் கத்தினேன். முடிய இன்னும் கொஞ்சம் சுற்றுகள்தான். நேர்ரோட்டின் முடிவில் கூர்மையாக ஒரு வளைவு வரும். முன்னால் போன இரண்டு வண்டியும் பிரேக் பிடித்துத் திரும்பின. எங்கள் வண்டி திரும்பவில்லை. நேராகப் போய் தடத்தின் ஓரம் கொட்டியிருந்த சரளைக்குள் பாய்ந்து புழுதியில் மறைந்தது. தங்கை என் கையைப் பிடித்த பிடியில் நகம் இறங்கிவிட்டது. புழுதி அடங்கி வண்டி மெல்ல வெளியே வந்தபோது எல்லாரும் தாண்டிப் போயிருந்தார்கள். கடைசியாக வந்து சேர்ந்தார்.

நான் ஓடிப்போய் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன். கல் மாதிரி கெட்டியாக நின்றது, பிரேக்கில் குறையில்லை. வீல் கழற்றிப் பார்த்தேன், குழாயைத் தடவிப் பார்த்தேன், எல்லாம் சுத்தம். உள்ளே எலுமிச்சை வாசனை அடித்தது. காலையில் பாத்திரம் கழுவுகிற எலுமிச்சை சோப்பைப் போட்டு வண்டித் தரையைத் துடைத்தது நானே என்பதால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

மஞ்சள் தொப்பியின் சட்டையைப் பிடித்தேன். நாலு பேர் பிரித்துவிட்டார்கள். பிரேக் நன்றாக இருக்கும்போது அவனை என்ன சொல்வது? அப்புறம் மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். அவர் ஹெல்மெட்டை மல்லாக்கப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார். கையுறைகளை அதற்குள் திணித்திருந்தார்.

“இன்னா ஆச்சி மாப்ள?”

“கால் வழுக்கிடுச்சி மச்சான்.”

“மலையில இத்தினி வருசம் வழுக்காத காலு இங்க வந்து வழுக்குதா? எவன்கிட்டயாவது பேசி வெச்சிக்கினு வந்தியா?”

அவர் ஹெல்மெட்டை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். தங்கைதான் பாய்ந்தாள். “உசுரோட வந்தாரே, அது போதாதா உனக்கு?”

அதோடு எங்களுக்குள் பேச்சு கம்மியாகிவிட்டது. கோயம்புத்தூர்க்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். காரை விற்றோம். மாப்பிள்ளை பழையபடி வேன் ஓட்டினார். அவர் காசுக்கு ரேஸை விற்றுவிட்டார் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நினைவு வந்து பல்லைக் கடிப்பேன்.

சில மாதம் கழித்து வெள்ளிமலையில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. மாப்பிள்ளை வேனில்தான் போனோம். நான் முன்சீட்டில், தங்கை பின்னால். கோமுகி ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது அவள் கேட்டாள்.

“இங்கதானேங்க அந்த எலுமிச்சம்பழத்த வுட்டீங்க?”

“இன்னா எலுமிச்சம்பழம்?” என்றேன்.

“உனக்குத் தெரிஞ்சா கத்துவன்னு சொல்லலண்ணா. அம்மன் கோயில் பூசாரி மந்திரிச்சிக் குடுத்தாரு. அன்னிக்கித் துந்நூறு பூசறப்ப இவுரு சீட்டுக்கடியில சொருவி வெச்சேன். காரியம் முடிஞ்சதும் ஓடுற தண்ணில வுடணும்னாரு. இவுருதான் கொண்டாந்து வுட்டாரு. அது இருந்தாங்காட்டிதான் ஒரு கீறல் இல்லாம வந்தாரு மனுசன்.”

சீட்டுக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் வேகமாகப் போகிற வண்டியில் எங்கே உருளும், எந்தப் பெடலுக்கு அடியில் போய் மாட்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையுறையைத் திணித்து மூடி வயிற்றோடு அணைத்த ஹெல்மெட் கண் முன்னால் வந்தது. எனக்கு வாய் நிற்காது என்று ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். வேண்டாம் மச்சான் என்கிற பார்வை.

“ஆமாம்மா. அதாலதான் வந்தாரு” என்றேன்.

தங்கைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முன்னால் எக்கி அவர் தோளைத் தட்டினாள்.

“பாத்தீங்களா, அண்ணனே ஒத்துக்கிச்சி. அடுத்த தபா ரேஸுக்குப் போவசொல்ல ரெண்டா வெச்சிடலாங்க.”

“சரி” என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை மலையேறுவதற்கு கியரை மாற்றினார்.