லேசர் சாவி வைத்திருந்த உமாதேவி

மலேசியாவின் மூவார் நகரில் ஒரு பல் கிளினிக்கில் இருபத்து நான்கு ஆண்டுகளாக உதவியாளராக இருப்பவள் உமாதேவி. லேசர் கருவி வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அன்று முதல் அதன் சாவி அவள் சட்டைப்பையில்தான். அந்தச் சாவியைப் போடாமல் கருவி ஓடாது.

2025 மார்ச் 11, செவ்வாய், காலை 10.20. நாற்காலியில் மணியம் படுத்திருந்தார். வயது 62. மரச்சாமான் தொழிற்சாலையில் பறந்து வந்த சில்லு ஒன்று அவருடைய இடக்கண்ணைப் பறித்துவிட்டது. செயற்கைப் பல் பொருத்துவதற்காக நான்கு மாதம் முன்பு தாடையில் பதித்த இம்பிளாண்ட் திருகை ஈறு மூடியிருந்தது. அதை லேசரால் திறக்க வேண்டும். கத்தியும் இல்லை, தையலும் இல்லை என்று சொல்லித்தான் வரச் சொல்லியிருந்தார்கள்.

டாக்டர் அர்ஜுன் அவருக்கு ஓர் ஆரஞ்சுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, தானும் ஒன்றை மாட்டிக்கொண்டார். உமாதேவிக்குச் சுருக்கென்றது.

"டாக்டர், லேசர் கண்ணாடி எங்க?"

"ஞாயித்துக்கிழமை ஜொகூர் பாருல டாக்டருங்க கூட்டத்துல காட்ட எடுத்துட்டுப் போனேன்கா. மூணும் ஒரே பைல. வீட்டுலயே மறந்துட்டேன்."

"இது பல் அடைக்கிற நீல விளக்குக்குப் போடுறது."

"கண்ண மூடிக்கிட்டாப் போதும் லா. சாவியக் குடுங்க."

"அவருக்கு மூடுறதுக்கு ஒரு கண்ணுதான் இருக்கு."

"நீங்க டாக்டரா, நான் டாக்டரா?"

அவள் சாவியைப் பைக்குள்ளேயே இறுக்கிப் பிடித்தாள். இத்தனை வருஷம் அவர் தவறவிட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்த கை அது.

மணியம் எழுந்து உட்கார்ந்தார். "என்னம்மா தகராறு?"

"அண்ணே, இந்தக் கண்ணாடி லேசரத் தடுக்காது. அந்த ஒளி கண்ணுக்கே தெரியாது. பட்டா பார்வை போயிரும்."

மணியம் கண்ணாடியைக் கழற்றித் தட்டில் எறிந்தார். "எங்க சூப்பர்வைசரும் இதையேதான் சொன்னான் டாக்டர். அஞ்சு நிமிஷ வேலைக்குக் கண்ணாடி எதுக்குன்னு. கத்திய எடுங்க!"

அர்ஜுன் கத்தியை எடுத்தார். இரண்டு தையல்.

உமாதேவி லேசர் பதிவேட்டைத் திறந்தாள்.

"காரணம் எழுத வேணாம்கா."

அவள் எழுதினாள்: 'லேசர் பயன்படுத்தவில்லை. கண்ணாடி டாக்டர் வீட்டில்.' பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

"கையெழுத்துப் போடுங்க. போட்டாத்தான் அடுத்த ஆளக் கூப்பிடுவேன்."

10.58-க்குப் போட்டார்.