செங்கம் ரோட்டில் இத்தாலிச் சேமியா

செங்கம் ரோட்டில் நான் தங்கியிருக்கும் வீட்டுக் கொல்லையில், பக்கத்து அறை இத்தாலிக்கார அம்மாள் எனக்கும் சேர்த்து அவர்கள் ஊர்ச் சேமியா சமைக்கிறார். முழ நீளச் சேமியாவை வெந்தும் வேகாததுமாக வடித்து, பச்சைப் பட்டாணியும் பிஞ்சு அவரையும் கலக்குகிறார். வீட்டுக்கார அம்மாள் ஒன்றைக் கிள்ளிப் பார்க்கிறார்.

“ஏம்மா, உங்க ஊர்ல வெறகு கம்மியா? இவரு நாளைக்கு மலை சுத்தணுமே, வயிறு என்னாத்துக்கு ஆவும்?”

எனக்கும் அதே பயம்தான்.

வீட்டுக்கார அம்மாள் பாதியை அள்ளிக்கொண்டு போய்க் குழைய வேகவைத்து, கடுகு தாளித்துக் கொண்டுவருகிறார். இப்போது என் முன்னால் இரண்டு தட்டுகள். இரண்டு பேரும் என் வாயையே பார்க்கிறார்கள். ஒருவர் விருந்துக்கு அழைத்தவர், மற்றவர் தங்க இடம் கொடுத்தவர். யார் மனமும் நோகக் கூடாதே என்று இரண்டையும் ஒன்றாகக் கொட்டிப் பிசைகிறேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.