எட்டடிக் குழியின் ஓரத்தில் ஸ்டெல்லா சிஸ்டர்

ஸ்டெல்லா சிஸ்டர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் சிவகாசியில் ஒரு வீட்டின் பின்புறம் அஸ்திவாரக் குழிக்குள் நின்றுகொண்டிருந்தேன். அழைத்தவர் அவருடைய தம்பி. "அக்கா போயிட்டாக. நாலு மணிக்கு எடுக்கிறோம்" என்று மட்டும் சொன்னார். மேலே நின்ற கொத்தனார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேலையை நிறுத்தவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அன்றைக்குத் தோண்ட வேண்டிய ஆழத்தைத் தோண்டி முடித்த பிறகுதான் விருதுநகருக்குக் கிளம்பினேன். பாதிக் குழியை விட்டுவிட்டு வந்து தன் முன்னால் அழுபவனை சிஸ்டர் மதித்திருக்க மாட்டார்.

இதை வாசிப்பவர்களில் பலர் அவரை ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவில் நர்ஸாகப் பார்த்தவர்களாக இருப்பீர்கள். பட்டாசு ஆலைகளிலிருந்து வெந்த உடம்போடு வந்தவர்களுக்குக் கை நடுங்காமல் கட்டு மாற்றியவர் அவர். அந்தச் சிஸ்டரைப் பற்றிச் சொல்ல உங்களுக்குத்தான் உரிமை. நான் அறிந்தது பழிவாங்கிய சிஸ்டரை. அந்தப் பழியில் ஒரு பங்கு என் மேல் விழுந்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

பத்து வருடங்களுக்கு முன்பு நான் விருதுநகரில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் சூப்பர்வைசராக இருந்தேன். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். சிஸ்டருக்கான அஞ்சலியில் அவருக்கு அந்த அளவு இடம்கூடக் கிடையாது. சிஸ்டரின் அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்து, கொல்லைக் கழிப்பறைக்கு நடக்க முடியாமல் போயிருந்தது. வீட்டின் பின்சுவரை ஒட்டி ஓர் அறையும் அதற்குள்ளேயே கழிப்பறையும் கட்டித் தரச் சொல்லி எங்களிடம் வந்தார்.

அந்த இடம் முழுக்கக் கரிசல். மழையில் ஊதும், கோடையில் பிளந்து சுருங்கும். அதைத் தாண்டிக் கீழே சரளை வரும்வரை தோண்டி, அதன் மேல்தான் அஸ்திவாரத்தை உட்கார வைக்க வேண்டும். இரண்டரை அடியில் நான் கடப்பாரையைக் குத்தினேன். மாவில் இறங்குவதுபோல் இறங்கியது. முதலாளியிடம் சொன்னேன். வானத்தைப் பார்த்துவிட்டு, "ஒத்தை ரூம்தானே. மாடியா கட்டப் போறாக? மழைக்கு முன்னாடி இன்னும் மூணு வேலை கெடக்கு. போட்டு மூடு" என்றார். மூடினேன்.

அன்று மாலை டியூட்டி முடிந்து வந்த சிஸ்டர் யூனிஃபாரத்தோடு நின்று கேட்டார்: "அடியில கெட்டி மண்ணு வந்துருச்சா?"

"வந்துருச்சு சிஸ்டர்" என்றேன்.

முதல் மழைக்காலத்தில் தரை உப்பியது. கழிப்பறைக் கதவு நிலையோடு இறுகியது. முதலாளி தச்சரை அனுப்பிக் கதவை இழைத்துவிட்டார். அடுத்த கோடையில் பழைய வீட்டுக்கும் புது அறைக்கும் நடுவில் கை நுழையும் அளவுக்கு விரிசல். இரண்டாவது மழைக்காலத்தில், சிஸ்டர் டியூட்டியில் இருந்த ஒரு முற்பகலில், அம்மா கழிப்பறைக்குள் வழுக்கி விழுந்தார். கதவு திறக்கவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கம்பக்கத்தார் கடப்பாரையால் கதவை உடைத்து வெளியே எடுப்பதற்குள் வெகுநேரம் ஈரத்தரையில் கிடந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் நடக்கவே இல்லை. ஒரு வருடம் படுக்கையில் கிடந்து இறந்தார்.

விழுந்த வாரமே சிஸ்டர் எங்களை வரச் சொன்னார். தெருவே கூடியிருந்தது. முதலாளி விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, "வயசானவுக விழத்தான் செய்வாக. அதுக்கு அஸ்திவாரம் என்ன பண்ணும்?" என்றார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்ததும் என்னைக் காட்டினார். "இவன்தான் நின்னு பாத்தான். இவனைக் கேளுங்க."

சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்ககிட்டத்தான் கேட்டேன்" என்றார்.

அம்மாவை அடக்கம் செய்த மறுவாரம் எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். விரிசல் விட்ட சுவருக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் கீறி வைத்திருந்தார். "தோண்டுங்க. கெட்டி மண்ணு வர்ற வரைக்கும். வேற ஆள் வச்சுக்கக் கூடாது." நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்தார். காலையிலிருந்து தோண்டினேன். மதியம் அவருடைய சபைப் போதகர் வந்தார். மன்னிப்பைப் பற்றி இதமாகப் பேசினார். குழிக்குள் நின்றபடி நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மன்னிக்கிறதுக்கு ஆண்டவர் இருக்காரு ஐயா. எங்கம்மா கெடந்ததை ஞாபகம் வச்சிருக்க நான் ஒருத்திதான் இருக்கேன்" என்றார் சிஸ்டர். போதகர் ஜெபம் செய்துவிட்டுக் கிளம்பினார்.

ஏழரை அடியில் கடப்பாரை 'டங்' என்றது. உள்ளங்கை இரண்டும் கொப்புளம். மேலே ஏறியதும் அவரே மருந்து போட்டுக் கட்டிவிட்டார். வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன்.

"விடாதீக. அவர்கூடவே இருங்க" என்றார். "இதே மாதிரி எத்தனை வீட்ல மூடுனீகன்னு எனக்கு எழுதிக் குடுங்க. என்னைக்காவது அவர் தனக்குன்னு ஒரு ரூம் கட்டுவாரு. அன்னைக்கு எம்புட்டு தோண்டுறாருன்னு வந்து சொல்லுங்க."

ஏழு வீடுகளை எழுதிக் கொடுத்தேன். விடுப்பு நாட்களில் அந்த வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார். ஒவ்வொரு விரிசலின் நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினார். சில மாதங்கள் கழித்துப் போய், விரிசல் கோட்டைத் தாண்டி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று வீட்டுக்காரர்களுக்கே காட்டினார். நோயாளியின் தலைமாட்டில் தொங்கும் காய்ச்சல் அட்டையைப்போல அந்தச் சுவர்களை வைத்திருந்தார். "இப்பமே போய்ச் சண்டை போடுவோம்" என்று கொதித்தவர்களிடம், "இருங்க. ஒரே நாள்ல எல்லாரும் போவோம்" என்று சொல்லிவைத்தார். மூன்று வருடங்கள் அப்படிப் போயின. அந்த மூன்று வருடங்களும் நான் முதலாளிக்குத் தினமும் வணக்கம் சொன்னேன். எனக்கும் அவர் மேல் தீராத கோபம் இருந்தது. ஆனால் காத்திருக்கும் தெம்பு சிஸ்டருடையது.

பிறகு முதலாளியின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். வீட்டுத் தோட்டத்தில் அவளுக்குத் தனியாக ஓர் அறை கட்ட முடிவானது. "சரளை வர்ற வரைக்கும் போ. எம்புட்டு ஆழம்னாலும் சரி. கெராவல் மண்ணு போட்டு இடிச்சு, சுத்திக் கம்பி கட்டி பெல்ட் கான்கிரீட் போட்டுத்தான் மேல ஏறணும்" என்றார் என்னிடம். அன்றே சிஸ்டர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் குழியை மூட விடாதீக" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஒன்றில் ஏழு வீட்டாரோடும் வந்து இறங்கினார். யாரும் சத்தம் போடவில்லை. தோட்டத்துக்குள் நடந்து போய்க் குழியின் நான்கு பக்கமும் நின்று குனிந்து பார்த்தார்கள். முதலாளி பனியனோடு, கையில் காபி டம்ளரோடு வெளியே வந்தார்.

சிஸ்டர் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து ஒரு நுனியை என்னிடம் நீட்டினார். அந்த நிமிடம்வரை நான் யாருடைய ஆள் என்று முதலாளிக்குத் தெரியாது. வாங்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினேன்.

"எம்புட்டு இருக்கு? சத்தமா சொல்லுங்க."

"எட்டடி."

"எங்க வீட்ல?"

"ரெண்டரை."

மற்ற வீடுகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் நினைத்து ரசிப்பேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பின்வாசலில் நிறைமாத வயிற்றோடு நின்ற மகள், "அப்பா, இவுக வீட்லயும் பிள்ளைக இருந்திருக்கும்ல?" என்று கேட்டாள். அவர் டம்ளரைக் குழி ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும் வழியில் சிஸ்டர் சொன்னார்: "அந்தப் பொண்ணு வந்து நிக்கும்னு நான் நினைக்கல."

"வருத்தமா இருக்கா?"

"இல்ல" என்றார்.

அதன்பின் விருதுநகரில் யாரும் முதலாளிக்கு வேலை கொடுக்கவில்லை. அந்த ஏழில் இரண்டு வீடுகளை இடித்துவிட்டுத் தன் செலவிலேயே புதிதாகக் கட்டிக்கொடுத்தார். சிஸ்டர் வீட்டுக்கும் வந்து, கட்டித் தரவா என்று கேட்டார். சிஸ்டர் வாசல் கதவைத் திறக்கவே இல்லை. அம்மாவின் அறையை ஆள் வைத்து இடித்தார். பழைய வீட்டை ஒட்டாமல், தோட்டத்தில் சாலையைப் பார்த்தபடி ஒரு தனி அறை கட்டச் சொன்னார். எட்டடி தோண்டிக் கட்டினேன். முதலாளி தினமும் கடைவீதிக்குப் போகும் சாலை அது. விரிசல் விழுந்தால் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று சிஸ்டர் வருடா வருடம் வெள்ளையடித்தார். இதுவரை விழவில்லை.

கடைசியாகப் போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மிகவும் மெலிந்திருந்தார். இத்தனை வருடப் பழக்கத்தில் வந்த துணிச்சலில் கேட்டுவிட்டேன்: "அவரை இன்னும் மன்னிக்கலையா சிஸ்டர்?"

"உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீகளா?" என்றார். நான் தலை குனிந்தேன். "உங்ககிட்ட வேலை வாங்குனேன். அம்புட்டுதான்." கோபமே இல்லாமல் சொன்னார். பிறகு, சாப்பிட்டீகளா என்று விசாரித்தார்.

அடக்கத்தன்று முதலாளி மாலையோடு வந்தார். நடை தளர்ந்திருந்தது. கேட்டில் நின்றிருந்த என்னிடம், "என்னயப் பத்தி எதுவும் சொன்னாகளா?" என்று கேட்டார். ஒரு பொய் சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பார்.

"மன்னிக்கலன்னுதான் சொன்னாக" என்றேன்.

மாலையை கேட்டிலேயே மாட்டிவிட்டுப் போனார். அதை யாரும் உள்ளே எடுத்து வரவில்லை. நானும் எடுக்கவில்லை.

சிஸ்டரின் தம்பி, நினைவாக எதையாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார். எதுவும் வேண்டாம் என்றேன். சிஸ்டர் என்னை மன்னிக்காமலே போனார். நினைவாக அது எனக்கு இருக்கிறது. என் காலம் முடியும்வரை அதை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பேன்.