கம்பியில் கட்டிய காலுறை

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்தபோது புர்கியின் கால்கள் செருப்புக்குள் அடங்கவில்லை. வெல்ஸ் ஊர் மருத்துவமனையின் சலவைக்கூடத்தில், உருளை இஸ்திரி இயந்திரத்துக்குள் ஈரப் போர்வைகளை மடிப்பு விழாமல் கொடுப்பது அவள் வேலை. காலை ஐந்தரைக்கு நின்றால் வேலை முடியும்வரை உட்கார வழியில்லை. இப்படி நிற்க ஆரம்பித்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. பதிவேட்டில் நோட்புர்கா என்று இருக்கும் பேரை அந்த இரைச்சலில் யாரும் முழுசாகக் கூப்பிட்டதில்லை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவள் வியன்னாவுக்கு ரயில் ஏறுவாள். அங்கே இசை நாடக அரங்கில் நின்றுகொண்டே கேட்கிறவர்களுக்கென்று பின்னால் ஓர் இடம் உண்டு. கேட்டுவிட்டு, சலவைக்கூடத்தில் கூட வேலை பார்த்து இப்போது அங்கே குடியிருக்கும் ஒருத்தி வீட்டில் படுத்துக்கொண்டு, ஞாயிறு மதியம் திரும்புவாள்.

"வாரம் முழுக்க நிக்கிறது பத்தாதுன்னு லீவு நாள்ல சீட்டு வாங்கி வேற நிக்கப் போறியா?" என்றான் அவள் கணவன் அலோய்ஸ், ஸ்டேஷன் வாசலில் காரை நிறுத்தியபடி. "போன மாசம் ரயில்லேர்ந்து எப்படி இறங்குனேன்னு நான் பாக்கலைன்னு நினைச்சியா?"

"பாத்தா பாத்துக்க."

"இது எதுல போயி முடியும், புர்கி?"

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. "இந்தா பாருய்யா. ஆட்டத்துக்கு நடுவுல என்னைக்கு உக்கார்றேனோ அன்னைக்கோட வியன்னாவுக்கு முழுக்குப் போட்டுர்றேன். போதுமா?"

"பேச்சு மாறக் கூடாது."

"என்னைக்கு மாறியிருக்கேன்?"

மாறியதில்லை. அது அவனுக்கும் தெரியும்.

ரயிலில் கழுத்துத் துண்டைச் சுருட்டி ஜன்னலோரம் முட்டுக்கொடுத்துச் சாய்ந்தாள். வழியில் அம்ஷ்டெட்டன் ஸ்டேஷன் வருவதற்குள் தூங்கிவிட்டாள். விழித்தபோது பெட்டியே காலியாக இருந்தது. துப்புரவு செய்கிறவர், "அம்மா, வியன்னா வந்து நேரமாச்சு" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

ஐந்து மணி ஆட்டத்துக்கு மூன்று மணிக்கே வரிசை. கதவு திறந்ததும் எல்லோரும் வேகமாக நடந்து, நெஞ்சு உயரக் கைப்பிடிக் கம்பியில் ஆளுக்கோர் இடம் பிடித்தார்கள். கம்பி கிடைத்தால் சாய்ந்து நிற்கலாம். கிடைக்காதவர்கள் நாலு மணி நேரமும் சும்மா நிற்க வேண்டியதுதான். பிடித்த இடத்தில் கழுத்துத் துண்டையோ கைக்குட்டையையோ கட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க, கொஞ்சம் உட்கார என்று வெளியே போவார்கள். துணி கட்டிய இடத்தை யாரும் தொட மாட்டார்கள்.

புர்கி கழுத்தைத் தடவிப் பார்த்தாள். துண்டு ரயில் ஜன்னலோரமே விட்டுப்போயிருந்தது.

"என்ன சலவைக்காரம்மா, ஊரு துணியெல்லாம் உங்க கையில, கம்பியில கட்ட ஒண்ணு இல்லையா?" என்று சிரித்தார் பக்கத்து இடத்து வெஸ்ஸெலி. டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். இருபது வருஷமாக அவருக்குப் பக்கத்து இடம்தான் அவளுக்கு.

"உங்க வாயக் கட்டத்தான் ஒரு துணி கொண்டாந்திருக்கணும்."

ஆட்டம் தொடங்குமுன் கொஞ்ச நேரமாவது உட்காராமல் அவளால் நாலு மணி நேரம் தாங்க முடியாது. இடத்தை விட்டுப் போனாலோ இடம் போய்விடும். குனிந்து, வலது காலிலிருந்த இறுக்குக் காலுறையை உரித்தெடுத்தாள். புடைத்த நரம்புகளுக்காக மருத்துவர் போடச் சொன்னது. தோல் நிறத்தில் தடிப்பாக இருந்த அதைக் கம்பியில் சுற்றி முடிச்சுப் போட்டாள். வெஸ்ஸெலி சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

கழற்றுவது சுலபம். மாட்டுவதற்கு அலோய்ஸ் வேண்டும். தினம் காலையில் அவன் முட்டி போட்டு, ரப்பர் கையுறை மாட்டிய இரண்டு கையாலும் இழுத்து ஏற்றிவிடுவான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைத் தின்று முடித்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது.

முதல் அங்கம் நின்றாள். இரண்டாவது அங்கத்தில் முழு எடையையும் இடது காலுக்குக் கொடுத்து நின்றாள். மூன்றாவது அங்கத்துக்கு விளக்கு அணையும்போது வலது கணுக்கால் ரொட்டி மாவு போல உப்பியிருந்தது. கம்பியைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். எதிரே சிவப்புத் தடுப்பு மட்டும் தெரிந்தது. மேடை தெரியவில்லை. பாட்டு தலைக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தது. இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டாள். அழக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு களைப்பு.

மேலே இடைவெளியைப் பார்த்துக் கண்ணாடி போட்ட பெண்ணொருத்தி நகர்ந்து வந்தாள். வெஸ்ஸெலி கையை நீட்டி மறித்தார்.

"ஆள் இருக்கு" என்றார் கிசுகிசுப்பாக.

"அவங்கதான் கீழ உக்காந்திருக்காங்களே?"

"துணி கட்டியிருக்குல்ல? அப்ப ஆள் இருக்குன்னுதான் அர்த்தம்."

அந்தப் பெண் காலுறையைப் பார்த்தாள், புர்கியைப் பார்த்தாள், பின்னால் போய்விட்டாள். கடைசிவரை அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை.

ஞாயிறு மதியம் வெல்ஸ் ஸ்டேஷனில் அலோய்ஸ் காத்திருந்தான். அவள் ஒவ்வொரு படியாக இறங்குவதைப் பார்த்தான். வெறுங்காலையும் பார்த்தான்.

"நின்னியா?"

நின்றேன் என்று சொல்லியிருக்கலாம். போய்க் கேட்கவா போகிறான்?

"உக்காந்துட்டேன். மூணாவது அங்கத்துல, தரையிலேயே." துண்டை விட்டதையும் காலுறையைக் கட்டியதையும் வெஸ்ஸெலி மறித்ததையும் நாலு வரியில் சொன்னாள். "சொன்ன பேச்சு சொன்னதுதான். அவ்வளவுதான் விடு."

அலோய்ஸ் பையை வாங்கினான். அதன் மேலேயே சுருண்டு கிடந்த காலுறையை எடுத்துப் பார்த்தான்.

"கடைசிவரைக்கும் இது கம்பியிலயா இருந்துச்சு?"

"ம்."

"துணி இருந்தா ஆள் நிக்கிற கணக்குன்னுதானே உங்க டிராம்காரர் சொன்னாரு?"

"ஆமா, அதுக்கென்ன?"

"அப்ப நீ உக்காரல. கார்ல ஏறு."

புர்கி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல் கார்க் கதவைத் திறந்தான். முன் இருக்கையைப் பின்னால் தள்ளிக் காலை நீட்ட இடம் பண்ணினான்.

"அடுத்த மாசம் ரெண்டு துண்டா எடுத்துட்டுப் போ. இத மட்டும் கழட்டாத."

அவள் ஏறிக் காலை நீட்டிக்கொண்டாள். கார் ஸ்டேஷன் வளைவைத் திரும்புவதற்குள் தூங்கிவிட்டாள். மறுநாள் காலை ஐந்தரைக்குத் திரும்பவும் நிற்க வேண்டும்.